நான்கு சக்கரமும் சுற்றினால் போதுமா?

தில்லியில் நம்மவர் வீடுகளில் முன்பெல்லாம் மே மாதம் வந்தால் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டைப் பற்றித்தான் பேச்சு. இப்போது பிள்ளைகள் "லடாக்கா, ஸ்பிதியா?" என்று கேட்கிறார்கள். பின்கதவில் 'ஃபோர் பை ஃபோர்' என்று பொறித்த வண்டி ஒன்று வாசலில் நிற்கிறது. அதில் ஏறிவிட்டால் எந்த மலையும் எந்த ஆறும் வழிவிட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. 2022 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஸ்பிதிக்குப் போகும் வழியில், ஒரு நாலாவின் நடுவே அது சற்று ஆட்டம் கண்டது. அதைச் சொல்லி, இந்த வண்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் எனக்குப் புரிந்த அளவில் விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக மறுபுறம் இறங்கி, கோக்சர், கிராம்ஃபூ தாண்டினால் தார்ச் சாலை போய்விடுகிறது. அங்கிருந்து சத்ரு, பாதல் வழியாகக் குன்ஸும் கணவாய் வரை பாதை பெரும்பாலும் கல்லும் பள்ளமும்தான். நடுநடுவே பனியாறு உருகி வரும் ஓடைகள் பாதையின் மேலேயே பாய்கின்றன. இவற்றைத்தான் அங்கே நாலா என்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏற ஏற முழங்காலுக்கு வந்துவிடும். விடியற்காலையில் கிளம்பச் சொல்லியிருந்தார்கள். சிற்றுண்டி, புகைப்படம் என்று நேரம் போய், நாங்கள் அந்த ஓடையை அடைந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

மருமகன் ஓட்டினார். நான் பக்கத்தில். மகளும் ஏழு வயதுப் பேத்தியும் பின்னால். ஓடையின் முக்கால் பங்கைக் கடந்ததும் வலது முன்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கியது. இடது பின்சக்கரம் ஏறக்குறைய அந்தரத்தில். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் சுற்றின. முகப்பில் வண்டி சறுக்குவதுபோல் படம் போட்ட விளக்கு மினுக்கியது. அடியில் 'கரகர' என்று ஏதோ உடைவது போன்ற சத்தம்.

"மாப்பிள்ளை, ஆக்ஸிலரேட்டரை விட்டுடுங்க! வீல் ஸ்லிப் ஆகுது!" என்றேன்.

விட்டார். மறுபடி மெல்ல அழுத்தினார். கரகர. மறுபடி "விடுங்க" என்றேன். இப்படியே ஐந்தாறு முறை. வண்டி நகரவில்லை. தண்ணீர் கதவின் கீழ்விளிம்பைத் தொட்டது. பேத்தி "தாத்தா, தண்ணி உள்ளே வருமா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

எதிர்க்கரையில் காத்திருந்த லாரியிலிருந்து ஓட்டுநர் ஒருவர் இறங்கித் தண்ணீரில் நடந்து வந்தார். ஜன்னலில் கை வைத்து, "லோ மே(ன்) டாலோ, ரேஸ் மத் சோடோ" என்றார். லோவில் போடு, ரேஸை விடாதே. அவ்வளவுதான். மருமகன் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, சின்ன நெம்பியை ஃபோர்-லோவுக்குத் தள்ளி, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்தார். கரகர என்ற சத்தம் மூன்று நான்கு விநாடி நீடித்தது. நான் "விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கரையேறிவிட்டது.

முப்பத்தைந்து ஆண்டு எஞ்சின் ஷெட்டில் சக்கரத்தோடு வாழ்ந்தவன் நான். லாரி ஓட்டுநருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? அன்றிரவு காஸாவில் விடுதியில் உட்கார்ந்து, கையுறைப் பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடந்த வண்டியின் கையேட்டைப் படித்தேன். அப்போதுதான் புரிந்தது: என் அனுபவம் பொய்யல்ல, அது வேறோர் இயந்திரத்தின் அனுபவம்.

ரயில் எஞ்சினின் பாடம்

எந்த வண்டியும் எஞ்சின் வலுவால் மட்டும் நகர்வதில்லை. சக்கரம் தரையைப் பிடித்துப் பின்னே தள்ளினால்தான் வண்டி முன்னே போகும். அந்தப் பிடிப்புக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு: சக்கரத்தின் மேல் உள்ள எடையை உராய்வுக் கெழுவால் பெருக்க வேண்டும். நான் பழகிய டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் 112.8 டன் எடை, 2600 குதிரைத்திறன். ஆறு அச்சுகள், அச்சுக்கு ஒரு மோட்டார். 27 சதவீதப் பிடிப்பு என்று கணக்கிட்டு அதன் தொடக்க இழுவிசையை 30.45 டன் என்று குறித்திருந்தார்கள். தண்டவாளம் ஈரமானால் பிடிப்பு பாதியாகக்கூடக் குறைந்துவிடும். எஞ்சினில் வலு இருந்தும் பயன்படாது. சக்கரம் நின்ற இடத்தில் சுழன்று தண்டவாளத்தையே குழித்துவிடும்.

அந்த எஞ்சினில் மோட்டார்களுக்குள் மின்னோட்ட வித்தியாசம் வந்தால் ரிலே ஒன்று அதை உணர்ந்து, விளக்கு எரியவிட்டு, ஜெனரேட்டரின் வலுவைக் குறைக்கும். டிரைவர் நாட்சைக் குறைத்து, சக்கரத்துக்கு முன் மணல் தூவுவார். 'சறுக்கினால் வலுவைக் குறை' என்பது எங்களுக்கு மூச்சுப் போல. அன்று ஓடையில் என் வாய் தானாகச் சொன்னதும் அதைத்தான்.

ஆனால் ரயில் சக்கரத்துக்கும் கார் சக்கரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ரயிலில் இரண்டு சக்கரமும் ஓர் அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டுமே என்றால், அதற்காகச் சக்கரத்தின் விளிம்பைச் சற்றுக் கூம்பாகக் கடைந்திருக்கிறார்கள். காரில் அது முடியாது. அதனால்தான் டிஃபரன்ஷியல் வந்தது.

டிஃபரன்ஷியல் என்னும் தராசு

டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிறது. ஆனால் முறுக்கு விசையை மட்டும் தராசு போல இரு பக்கமும் சமமாகத்தான் பங்கிடும். இங்கேதான் வில்லங்கம். ஒரு சக்கரம் சேற்றில் இருக்கிறது, 100 பங்கு விசை கொடுத்தாலே வழுக்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். மற்றது நல்ல பாறையில் உட்கார்ந்து 1000 பங்கு தாங்கக்கூடியது. ஆனாலும் அதற்குக் கிடைப்பதும் அதே 100தான். பலசாலிக்கும் பலவீனனுக்கும் ஒரே அளவுச் சோறு. எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் சேற்றிலுள்ள சக்கரம் வேகமாகச் சுற்றுமே ஒழிய, பாறையிலுள்ள சக்கரம் அசையாது.

நான்கு சக்கர இயக்கம் இதைப் பாதிதான் தீர்க்கிறது. அது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் வலுவைக் கொடுக்கிறது. ஆனால் முன் அச்சில் ஒரு டிஃபரன்ஷியல், பின் அச்சில் ஒரு டிஃபரன்ஷியல் என்று இரண்டு தராசுகள் அப்படியே இருக்கின்றன. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் அதற்குக் குறுக்கே ஒரு சக்கரமும் பிடிப்பை இழந்தால், 'ஃபோர் பை ஃபோர்' வண்டியும் நின்றுவிடும். ஓடையில் எங்களுக்கு நேர்ந்தது இதுவேதான்.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ன செய்கிறது?

இங்கே உதவிக்கு வருவது டிராக்‌ஷன் கண்ட்ரோல். ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஏற்கனவே வேகம் அளக்கும் சென்சார் இருக்கிறது. ஒரு சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், கணிப்பொறி அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. சேற்றுச் சக்கரத்தில் பிரேக் 400 பங்கு எதிர்ப்பைச் சேர்த்தால், தரையின் 100உம் சேர்ந்து 500 ஆகிறது. தராசு விதிப்படி மறுபக்கச் சக்கரத்துக்கும் 500 போய்ச் சேரும். வண்டி நகர்ந்துவிடும். நான் உடைகிறது என்று பயந்த கரகரச் சத்தம், பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கும் சத்தம்தான்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சக்கரம் சுழன்று வித்தியாசம் தெரிந்த பிறகுதான் கணிப்பொறி தலையிடும். நாம் உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் சுழற்சி நிற்கும், பிரேக்கும் விலகிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் "விடுங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வேலை செய்ய வந்த உதவியை ஐந்தாறு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்! இரண்டாவது, எஞ்சின் தன் பிரேக்கையே எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் கூடுதல் விசை வேண்டும். ஃபோர்-லோ சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கிக் கொடுக்கிறது. 3000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுவதால், மலையில் இது இன்னும் முக்கியம். மூன்றாவது, பிரேக் சூடாகும். வெகுநேரம் இப்படி ஓட்டினால் கணிப்பொறியே சிறிது நேரம் ஓய்வெடுத்துக்கொள்ளும். அப்போது நாமும் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இதே டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு இன்னொரு கை உண்டு. சக்கரம் சறுக்கினால் அது எஞ்சின் வலுவையும் குறைக்கும், எங்கள் பழைய ரிலே போலவே. ஈரத் தார்ச் சாலையில் இது உயிர் காக்கும். ஆனால் ஆழ்ந்த மணலில் இதுவே காலை வாரும். ஏனென்றால் மணலில் வண்டி ஓட்டத்தின் வேகத்தில்தான் மிதந்து போகிறது. நடுவழியில் வலுவை வெட்டினால் புதைந்துவிடும். ஆகவே ஜெய்சால்மர் பக்கத்து மணலில் இறங்கும் முன் அந்தப் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் போட வேண்டும். பல வண்டிகளில் ஃபோர்-லோவில் போட்டதும் வலுவை வெட்டும் பகுதி தானே விலகி, பிரேக் பிடிக்கும் பகுதி மட்டும் வேலை செய்யும். உங்கள் வண்டியில் எப்படி என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வண்டிகளில் டிஃபரன்ஷியலையே பூட்டும் வசதியும் உண்டு. பூட்டினால் இரண்டு சக்கரமும் ரயில் சக்கரம் போல ஒரே வேகத்தில் சுற்றும். வலு வீணாகாது. ஆனால் வண்டி நேரேதான் போகப் பார்க்கும், திருப்புவது கடினம். பள்ளத்தைத் தாண்டியதும் பூட்டைத் திறந்துவிட வேண்டும்.

எப்போது எதைப் போடுவது?

நம் நாட்டில் முரட்டுப் பாதைக்கென்று வாங்கப்படும் ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் உள்ளது பகுதிநேர நான்கு சக்கர இயக்கம். முன்பு 1985-இல் வந்த ஜிப்ஸியிலும் இதுவே. ஃபோர்-ஹையில் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். பின் அச்சின் நடு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சின் நடு ஏறக்குறைய 5.6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது. மண்ணிலும் பனியிலும் டயர் சற்று வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க முடியாது. பாகங்களுக்குள் முறுக்கு ஏறி, டயர் தேய்ந்து, கியர் நெம்பி சிக்கி, கடைசியில் ஏதாவது உடையும். "நான்கு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்புத்தானே" என்று தில்லியிலிருந்தே ஃபோர்-ஹையில் ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

என் கணக்கு இது: தாரில் டூ-ஹை. சரளை, ஈரமண், லேசான பனியில் ஃபோர்-ஹை. பாறை, ஓடை, செங்குத்து ஏற்றம், செங்குத்து இறக்கம் என்றால் ஃபோர்-லோ. இதில் ஒன்றை மறக்கக் கூடாது. சிக்கிய பிறகு மாற்றுவதைவிட, இறங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது. ஓடையில் ஃபோர்-ஹையிலேயே இறங்கிவிட்டோம்.

நகரத்து வண்டிகளில் 'ஆல் வீல் டிரைவ்' என்று வருவது வேறு. தேவைப்படும்போது கிளட்ச் ஒன்று பின் அச்சை இணைக்கும். மழைக்கும் பனிக்கும் நல்லது. ஆனால் பெரும்பாலும் லோ கிடையாது. மணலில் வெகுநேரம் திணறினால் கிளட்ச் சூடாகி விலகிக்கொள்ளும்.

டயரில் காற்று குறைப்பது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ரயிலுக்கு மணல் நண்பன், காருக்கு எதிரி. மணலில் இறங்கும் முன் 30 பவுண்டு காற்றை 15 முதல் 18 பவுண்டு வரை குறைத்தால், டயர் தரையில் நீளமாகப் படிந்து ஒட்டகத்தின் பாதம் போல எடையைப் பரப்பும். எந்த மின்னணுக் கருவியும் இந்தச் செலவில்லாத வைத்தியத்துக்கு ஈடாகாது. ஆனால் தாருக்கு வரும் முன் மறுபடி காற்றடிக்கச் சின்னப் பம்பு கையில் இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு வேகமாக ஓட்டுவது ஆபத்து. திடீரென்று திருப்பினால் டயர் விளிம்பிலிருந்து கழன்றும் விடலாம்.

நிறுத்துவதற்கு நான்கு சக்கர இயக்கம் உதவாது

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, காய்ந்த தாரில் பிரேக் போட்டால் சுமார் 9 மீட்டரில் நிற்கும். உறைபனியில் பிடிப்பு 0.1 என்று கொண்டால் அதே வண்டிக்கு சுமார் 63 மீட்டர் வேண்டும். ஓட்டுபவர் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. பனியில் சுலபமாகக் கிளம்பிவிட்ட ஃபோர் பை ஃபோர் ஓட்டுநருக்குத் தரை எவ்வளவு வழுக்குகிறது என்பதே தெரிவதில்லை. சாதாரணக் காரில் வந்தவன் கிளம்பும்போதே வழுக்கி, பயந்து, மெதுவாகப் போவான். இறக்கத்தில் ஃபோர்-லோ முதல் கியர் போட்டு, எஞ்சினே நான்கு சக்கரத்தையும் பிடித்து இறக்கும்படி விடுவதுதான் நல்ல வழி. உறைபனி என்றால் டயருக்குச் சங்கிலி. சங்கிலி இல்லையென்றால் விடுதியில் இன்னும் ஒரு நாள் தங்குவது.

ஓடையைக் கடப்பதற்கும் சில விதிகள் உண்டு. காலையிலேயே கடந்துவிட வேண்டும். முன்னே போன வண்டி முழுதும் கரையேறிய பிறகே நாம் இறங்க வேண்டும். லோவில் போட்டு, நடுவில் கியர் மாற்றாமல், ஒரே சீராக நடை வேகத்தில் போக வேண்டும். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரையேறியதும் இரண்டு மூன்று முறை பிரேக்கை மெல்ல மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியால் முடியும் என்பதற்காகச் செய்துவிடக் கூடாது. 2023 டிசம்பரில் லாஹௌலில் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க ஒருவர் சந்திரா ஆற்றுக்குள்ளேயே ஜீப்பை ஓட்டிப் போனார். வண்டி போகத்தான் செய்தது. காவல்துறை அபராதமும் விதித்தது. சரியென்றே நினைக்கிறேன். அந்த உயரத்தில் புல் முளைக்க ஆண்டுக்குச் சில வாரங்களே கோடை. ஒரு டயர் போட்ட தடம் பல ஆண்டு மாறாமல் கிடக்கும். பாதை இருக்கும் இடத்தில் பாதையிலேயே போவோம்.

கடைசியாக என் விஷயம். திரும்பி வரும்போது அதே ஓடையைக் காலை ஏழு மணிக்குக் கடந்தோம். தண்ணீர் கணுக்கால் அளவுதான். மருமகன் கரையிலேயே நிறுத்தி, லோவில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்தார். "மாமா, ஏதாவது சொல்லணுமா?" என்றார். "இல்லை மாப்பிள்ளை, நீங்க பிடிச்ச பிடியை விடாம போங்க" என்றேன். பேத்தி சிரித்தாள்.

கற்ற வித்தை கைவிடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் புது இயந்திரத்துக்கு முன்னால் அந்த வித்தையை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு, கையேட்டை ஒரு முறை படித்துவிடுவது நல்லது. அதுவும், பயணம் கிளம்பும் முன்பே.